அதிர்வு சிக்னலில் மெஷின் லேர்னிங்: பேரிங் பழுதைக் கண்டுபிடிக்கும் மாடலை எந்த வரிசையில் கட்டுவது? முழுமையான வழிகாட்டி

சிக்னலில் மெஷின் லேர்னிங் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். பதிவுகளை எடுக்கிறார்கள், சின்னத் துண்டுகளாக வெட்டுகிறார்கள், எல்லாத் துண்டுகளையும் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரிக்கிறார்கள், நியூரல் நெட்வொர்க்கில் கொட்டுகிறார்கள், முதல் நாளே 99 சதவீதம் வருகிறது. அப்புறம் வேறொரு இயந்திரத்தின் பதிவைக் கொடுத்தால் மாடல் எதையோ உளறுகிறது. இங்கே மாடலில் தப்பில்லை, வேலை செய்த வரிசைதான் தப்பு.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு, இயந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் அதிர்வை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் என்ன தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம், மாடல் பொய் சொன்னால் பிடிபட்டுவிடும். ஈசிஜி, பேச்சு, ரேடியோ சிக்னல் என்று வேறு எதில் வேலை செய்தாலும் வரிசை இதேதான்.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

பைத்தான் மொழி, அதன் கணக்கு நூலகங்களான நம்பை, சைபை, மெஷின் லேர்னிங் நூலகமான சைக்கிட்-லேர்ன் போதும். நியூரல் நெட்வொர்க் கட்டும் பைடார்ச் 9-ஆம் படியில்தான் வரும், அதுவரை ஜிபியூ பற்றி யோசிக்கவே வேண்டாம். ஃபூரியே உருமாற்றம் என்ன செய்கிறது, சாம்பிளிங் வேகம் என்றால் என்ன, லாஜிஸ்டிக் ரிக்ரஷன் எப்படி முடிவெடுக்கிறது, இந்த மூன்றும் தெரிந்திருந்தால் தொடங்கிவிடலாம்.

பதிவுகளுக்கு கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டிருக்கும் பேரிங் டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2 குதிரைத்திறன் மோட்டார். பேரிங்கின் உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டு ஆகியவற்றில் 0.007, 0.014, 0.021 அங்குல விட்டத்தில் வேண்டுமென்றே குழி போட்டிருக்கிறார்கள். சுமை 0 முதல் 3 குதிரைத்திறன் வரை மாறும், அதற்கேற்ப வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1797 சுற்றிலிருந்து 1730 வரை இறங்கும். பழுதுப் பதிவுகளில் நொடிக்கு 12,000 சாம்பிள் எடுத்தவற்றை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். 48,000 சாம்பிள் பதிவுகளும் இருக்கின்றன, அவற்றை முதல் நாளே கலக்க வேண்டாம்.

இவற்றோடு ஒரு அட்டவணை வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு வரி: எந்த பேரிங், எந்தப் பழுது, சுமை, வேகம், சாம்பிளிங் வேகம், சென்சார் எங்கே பொருத்தப்பட்டது. பைல் பெயரைப் பார்த்து லேபிளை (பழுதின் பெயரை) எடுத்துவிட்டு இந்த அட்டவணையைத் தவிர்க்கிறவர்கள் 4-ஆம் படியில் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் பிரிக்கும்போது எந்தத் துண்டு எந்த பேரிங்கிலிருந்து வந்தது என்று சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

2. முதலில் கணக்கு, அப்புறம் நிரல்

பேரிங்கில் குழி இருந்தால், ஒவ்வொரு குண்டும் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு தட்டல் விழும். நொடிக்கு எத்தனை தட்டல் என்பது பேரிங்கின் அளவுகளையும் தண்டின் வேகத்தையும் மட்டுமே பொறுத்தது. இந்த டேட்டாவில் மோட்டார் தண்டுப் பக்க பேரிங்குக்கு வெளிவளையப் பழுது தண்டின் வேகத்தைப் போல 3.5848 மடங்கு, உள்வளையப் பழுது 5.4152 மடங்கு, குண்டுப் பழுது 4.7135 மடங்கு.

1797 சுற்று என்றால் நொடிக்கு 29.95. ஆக, வெளிவளையம் 107.4 ஹெர்ட்ஸ், உள்வளையம் 162.2, குண்டு 141.2. சுமை ஏறி வேகம் 1730 ஆனால் வெளிவளையத் தட்டல் 103.4-க்கு இறங்கிவிடும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு எவ்வளவு நீளம், எந்த ஃபில்டர், எந்த ஃபீச்சர் (சிக்னலிலிருந்து கணக்கிட்டு மாடலுக்குக் கொடுக்கும் எண்) என்று பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் வரும். இந்தக் கணக்கைப் போடாதவர்கள் துண்டின் நீளத்தை 1024 என்று எங்கோ பார்த்ததை வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏன் சரிப்படாது என்பது 6-ஆம் படியில்.

3. பதிவைக் கண்ணால் பாருங்கள்

ஒவ்வொரு பதிவையும் வரைந்து பாருங்கள், முழுதாக ஒரு முறை, 0.1 நொடியைப் பெரிதாக்கி ஒரு முறை. நூறு பதிவு இருந்தாலும் ஒரு மணி நேர வேலைதான்.

அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் சென்சாரோ கருவியோ அதன் எல்லையைத் தொட்டுவிட்டது, அந்தப் பதிவின் வீச்சை நம்ப முடியாது. சராசரி பூஜ்ஜியத்திலிருந்து விலகியிருக்கிறதா? நடுவில் அசையாத கோடு வருகிறதா? 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் மின்சார இரைச்சல் இருக்கிறதா? இவை ஒரு வகுப்பின், அதாவது ஒரே லேபிளுள்ள பதிவுகளில் மட்டும் இருந்தால் மாடல் பழுதை விட்டுவிட்டு இதைத்தான் கற்றுக்கொள்ளும்.

பைலைத் திறக்கும் நூலகத்தையும் சந்தேகப்படுங்கள். ஒலிப் பதிவுகளுக்கு எல்லோரும் எடுக்கும் லிப்ரோசா, நீங்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் எந்தப் பதிவையும் நொடிக்கு 22,050 சாம்பிளுக்கு மாற்றிவிட்டுத்தான் கையில் கொடுக்கும். இது தெரியாமல் பழைய சாம்பிளிங் வேகத்தை வைத்து அதிர்வெண் அச்சை வரைந்தால் எல்லாம் இடம் மாறி நிற்கும். 16 பிட் முழு எண்களாக வரும் பதிவும் ஏற்கெனவே -1 முதல் 1 வரை சுருக்கப்பட்ட பதிவும் ஒரே தொகுப்பில் கலந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. குறைந்தபட்ச மதிப்பு, அதிகபட்ச மதிப்பு, திட்ட விலக்கம் மூன்றையும் ஒவ்வொரு பதிவுக்கும் அச்சிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. வெட்டும் முன் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பயிற்சி, சோதனை என்று பிரிக்கும் வேலை துண்டாக வெட்டுவதற்கு முன்னால், ஃபில்டர் போடுவதற்கு முன்னால், சராசரி கணக்கிடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பிரிக்கும் அலகு பதிவு, முடிந்தால் பேரிங். ஒருபோதும் துண்டு இல்லை.

காரணம் எளிது. 2048 சாம்பிள் துண்டுகளைப் பாதிக்குப் பாதி மேற்பொருந்தி வெட்டினால், அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில் 1024 சாம்பிள்கள் ஒன்றேதான். குலுக்கிப் பிரிக்கும்போது ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போகிறது. பார்த்த விடையையே கேள்வித்தாளில் மறுபடி கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சரி, மேற்பொருந்தாமல் வெட்டுகிறேன் என்றால்? அப்போதும் ஒரே பதிவின் துண்டுகளுக்கு ஒரே சென்சார், ஒரே போல்ட் இறுக்கம், ஒரே இரைச்சல், ஒரே வேகம். அந்தப் பதிவின் கைரேகையை மாடல் மனப்பாடம் செய்துவிட்டு அதற்குப் பழுதின் பெயரைச் சொல்லும்.

நம்ப முடியவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். பழுது லேபிளை நீக்கிவிட்டு, துண்டு எந்தப் பதிவிலிருந்து வந்தது என்பதையே கண்டுபிடிக்கச் சொல்லி அதே மாடலைப் பழக்குங்கள். ஒரே பழுதுள்ள இரண்டு பதிவுகளைக்கூட அது சுலபமாகப் பிரித்துக் காட்டினால், குலுக்கிப் பிரித்து வாங்கிய மதிப்பெண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. புதியவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், வாயால் விளக்குவதைவிட இது சட்டென்று புரிந்துவிடுகிறது.

நாம் எடுத்துக்கொண்ட டேட்டாவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சுமை 0, 1, 2-ல் பழக்கி சுமை 3-ல் சோதிப்பது நேர்மையானதாகத் தெரியும், ஆனால் ஒரே குழி போட்ட அதே பேரிங்தான் எல்லாச் சுமையிலும் ஓடியிருக்கிறது. மாடல் அந்த பேரிங்கைத்தான் அடையாளம் காண்கிறதா, பழுதையா என்று தெரியாது. குழியின் அளவை வைத்துப் பிரிப்பது இதைவிடக் கடினமான, உண்மையான சோதனை: 0.007, 0.021 அங்குலப் பதிவுகளில் பழக்குங்கள், 0.014-ல் சோதியுங்கள். இதனால்தான் இடமும் அளவும் சேர்த்துப் பத்து வகுப்பாகப் பிரிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதில் ஒவ்வொரு அளவுக்கும் அந்தந்த பேரிங் மட்டுமே இருப்பதால் பேரிங் மாற்றிச் சோதிக்க வழியே இல்லாமல் போகிறது. நான்கு வகுப்பு போதும்: நல்லது, உள்வளையம், வெளிவளையம், குண்டு.

நல்ல பேரிங்குக்குச் சுமைக்கு ஒன்றாக நான்கே பதிவுகள் இருக்கின்றன, அதைச் சுமை வாரியாகத்தான் பிரிக்க முடியும். ஆக, "நல்லது" வகுப்பின் மதிப்பெண்ணை மற்ற மூன்றையும்விடக் குறைவாக நம்புங்கள்.

சைக்கிட்-லேர்னில் இதற்கு, ஒரே குழுவைப் பயிற்சி, சோதனை இரண்டிலும் விழவிடாமல் பிரிக்கும் குரூப்கேஃபோல்ட் இருக்கிறது, குழு என்ற இடத்தில் பேரிங்கின் அடையாள எண்ணையும், நல்ல பேரிங்குக்கு மட்டும் பதிவின் எண்ணையும் கொடுத்தால் போதும்.

5. சாம்பிளிங் வேகமும் ஃபில்டரும்

வெவ்வேறு வேகத்தில் எடுத்த பதிவுகளை ஒன்றாக்க வேண்டியிருந்தால், நாலில் ஒரு சாம்பிளை மட்டும் எடுத்து மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள். 48,000-ஐ அப்படி 12,000 ஆக்கினால் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததெல்லாம் மடிந்து கீழே வந்துவிடும், 7,000 ஹெர்ட்ஸில் இருந்த அதிர்வு 5,000-ல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை எந்த ஃபில்டராலும் பிரித்தெடுக்க முடியாது. சைபையின் டெசிமேட் முதலில் வடிகட்டிவிட்டுத்தான் குறைக்கும், அதையே பயன்படுத்துங்கள்.

ஃபில்டரை முழுப் பதிவின்மீது போடுங்கள், துண்டின்மீது வேண்டாம். ஒவ்வொரு முறை ஃபில்டர் தொடங்கும்போதும் கொஞ்ச நேரம் தடுமாறும், சின்னத் துண்டில் அந்தத் தடுமாற்றமே கணிசமான பகுதியாகிவிடும். ஃபில்டரைச் சின்னச் சின்ன இரண்டாம் ஆர்டர் ஃபில்டர்களின் தொடராக, அதாவது எஸ்ஓஎஸ் வடிவத்தில் அமையுங்கள். உயர் ஆர்டர் ஃபில்டர்களை ஒரே நீளமான கெழு வரிசையாக எழுதினால் எண் பிழை பெருகி வெளியீடு வெடித்துப் போக வாய்ப்புண்டு.

ஃபில்ட்ஃபில்ட் என்ற முன்னும் பின்னும் ஓடும் ஃபில்டர் எதிர்காலச் சாம்பிள்களையும் பார்க்கிறது. பதிவை வைத்து ஆராயும்போது நல்லது, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அது கிடைக்காது. கடைசியில் நேரலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இப்போதே ஒரு பக்க ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. துண்டின் நீளம்

நீளத்தைத் தாளில் எழுதிய எண்கள்தான் சொல்ல வேண்டும். வெளிவளையப் பழுது 107.4 ஹெர்ட்ஸ், தண்டு வேகத்தின் நாலாம் மடங்கு 119.8 ஹெர்ட்ஸ். இடைவெளி 12.4.

நொடிக்கு 12,000 சாம்பிளில் 1024 சாம்பிள் துண்டு என்றால் 85 மில்லிநொடி, தண்டு இரண்டரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். ஸ்பெக்ட்ரத்தின், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடத்தின் கட்டங்கள் 11.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும். ஹான் விண்டோ (துண்டின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் எடைகள்) போட்டால் ஒவ்வொரு சிகரமும் நாலு கட்டம் அகலம் பரவும். 107-ம் 119-ம் ஒரே மேடாகிவிடும், எவ்வளவு பெரிய நெட்வொர்க் வைத்தாலும் இல்லாத தகவலை அது எடுத்துத் தர முடியாது. ஒரு நொடித் துண்டு, அதாவது 12,000 சாம்பிள் எடுத்தால் கட்டம் 1 ஹெர்ட்ஸ், தண்டு சுமார் முப்பது சுற்று, எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

பூஜ்ஜியங்களைச் சேர்த்து நீட்டினால் பிரித்தறியும் திறன் கூடிவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. கோடு வழவழப்பாகும், அவ்வளவுதான். ஒன்றிய இரண்டு சிகரம் பிரியாது.

ஒரு நொடியாக வெட்டினால் துண்டுகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடுமே என்ற கவலை வரும். வரட்டும். சின்னத் துண்டு நிறைய இருப்பதால் டேட்டா கூடிவிடுவதில்லை, பேரிங்கின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. பயிற்சிப் பகுதிக்குள் மட்டும் மேற்பொருந்தலைக் கூட்டிக்கொள்ளலாம்.

7. ஃபீச்சர்: உறையின் ஸ்பெக்ட்ரம்

நேராக ஸ்பெக்ட்ரம் போட்டு 107 ஹெர்ட்ஸில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. காரணம், ஒவ்வொரு தட்டலும் மணி அடிப்பது போல இயந்திரத்தின் உடம்பைச் சில கிலோஹெர்ட்ஸில் ஒலிக்க வைக்கிறது. ஆற்றல் அந்த உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, 107 என்பது மணி எத்தனை முறை அடிக்கப்படுகிறது என்ற எண்ணிக்கை மட்டுமே.

அதனால் இந்த வரிசை: மணி ஒலிக்கும் பட்டையை மட்டும் பேண்ட்பாஸ் ஃபில்டரால் எடுங்கள், ஹில்பர்ட் உருமாற்றம் போட்டு அதன் தனி மதிப்பை, அதாவது வீச்சு ஏறி இறங்குவதைக் காட்டும் உறையை எடுங்கள், உறையின் சராசரியைக் கழியுங்கள், பிறகு ஸ்பெக்ட்ரம். சராசரியைக் கழிக்க மறந்தால் பூஜ்ஜிய ஹெர்ட்ஸில் ஒரு மலை எழுந்து மற்றதையெல்லாம் மறைத்துவிடும். எந்தப் பட்டை என்பதைப் பயிற்சிப் பதிவுகளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சோதனைப் பதிவில் எந்தப் பட்டை நன்றாக வருகிறது என்று பார்த்து எடுத்தால் அதுவும் சோதனையின் விடை பயிற்சிக்குள் கசிவதுதான்.

உறை ஸ்பெக்ட்ரத்தில் தேட வேண்டியவை: தட்டலின் அதிர்வெண், அதன் இரண்டாம், மூன்றாம் மடங்கு. உள்வளையம் தண்டோடு சேர்ந்து சுற்றுவதால் குழி சுமைப் பகுதிக்குள் வந்து வந்து போகும், ஆக 162-க்கு இருபுறமும் 132, 192 ஹெர்ட்ஸில் துணைச் சிகரங்கள் எழும். குண்டுப் பழுது மூன்றிலும் கடினம். குண்டு தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருப்பதால் குழி எப்போதும் வளையத்தைத் தொடுவதில்லை.

இரண்டு எச்சரிக்கை. குண்டுகள் கொஞ்சம் வழுக்கும், அதனால் கணக்கிட்ட இடத்தில் துல்லியமாகச் சிகரம் இருக்காது, ஓரிரு சதவீதம் முன்பின் தேடி அதிலுள்ள உச்சத்தை எடுங்கள். அடுத்து, அச்சை ஹெர்ட்ஸில் வைக்காமல் தண்டு வேகத்தின் மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். "107-ஆம் கட்டம்" என்று கற்ற மாடல் 1730 சுற்றில் 103-ஐப் பார்த்து நல்லது என்று சொல்லிவிடும், "3.58-ஆம் மடங்கு" என்று கற்றது சொல்லாது.

இவற்றோடு ஆர்எம்எஸ் (சிக்னலின் சராசரி வலிமை), கர்ட்டோசிஸ் (சிக்னல் எவ்வளவு கூர்மையாகத் துள்ளுகிறது என்ற அளவு), உச்சத்துக்கும் ஆர்எம்எஸ்ஸுக்கும் உள்ள விகிதம் மூன்றையும் சேருங்கள். சைபையின் கர்ட்டோசிஸ் இயல்புப் பரவலுக்கு 0 என்று சொல்லும், பல பாடங்களில் 3 என்று இருக்கும். இரண்டும் சரி, கலக்காமல் இருந்தால் போதும்.

8. எளிய மாடல் முதலில்

பதினைந்து இருபது ஃபீச்சர், லாஜிஸ்டிக் ரிக்ரஷன் அல்லது ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் கூட்டு வாக்கு). ஃபீச்சர்களை அளவு சீராக்கும்போது சராசரியும் திட்ட விலக்கமும் பயிற்சிப் பகுதியிலிருந்து மட்டும் வர வேண்டும். சைக்கிட்-லேர்னின் பைப்லைனுக்குள் வைத்துவிட்டால் இதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சீராக்குவதா என்பது வேறு கேள்வி. அப்படிச் செய்தால் வீச்சு பற்றிய தகவல் முழுவதும் அழிந்துவிடும். சென்சாரின் உணர்திறன் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிறது என்றால் அதுதான் வேண்டும், ஒரே சென்சார் என்றால் நல்ல தடயத்தை நீங்களே தூக்கி எறிகிறீர்கள்.

மாடல் பழகியதும் எந்த ஃபீச்சருக்கு எடை அதிகம் என்று பாருங்கள். வெளிவளைய வகுப்புக்கு 3.58-ஆம் மடங்கு மேலே இருந்தால் நல்லது. சராசரி விலகலோ 50 ஹெர்ட்ஸோ மேலே இருந்தால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

9. நியூரல் நெட்வொர்க் எப்போது

எளிய மாடல் எங்கே தவறுகிறது என்று தெரிந்த பிறகு, அதற்கு முன்னால் இல்லை. ஒற்றைப் பரிமாண கன்வல்யூஷன் நெட்வொர்க் (சிக்னல்மீது சின்ன ஃபில்டர்களை நகர்த்திப் பழகும் நியூரல் நெட்வொர்க்) வைக்கும்போது, கடைசி அடுக்கின் ஒரு புள்ளி மூலச் சிக்னலில் எத்தனை சாம்பிளைப் பார்க்கிறது என்று கணக்கிடுங்கள். 107 ஹெர்ட்ஸ் தட்டல்களுக்கு நடுவே சுமார் 112 சாம்பிள் இடைவெளி. 50 சாம்பிள் மட்டும் பார்க்கும் நெட்வொர்க்குக்கு ஒரு தட்டல்தான் தெரியும், இடைவெளி தெரியவே தெரியாது.

டேட்டாவைப் பெருக்கும்போது இயற்பியலை மீறாதீர்கள். இரைச்சல் சேர்க்கலாம், தொடக்கத்தை நகர்த்தலாம், வீச்சைக் கொஞ்சம் மாற்றலாம். படங்களுக்குச் செய்கிற பழக்கத்தில் நேர அச்சை இழுத்து நீட்டினால் தட்டலின் அதிர்வெண்ணே மாறிவிடும். உள்வளையப் பழுதை 15 சதவீதம் நீட்டினால் 162 ஹெர்ட்ஸ் 141 ஆகிறது, அது குண்டுப் பழுதின் இடம். லேபிள் மட்டும் உள்வளையம் என்றே நிற்கும்.

10. அளப்பது

துண்டு வாரியான சதவீதத்தோடு பதிவு வாரியான முடிவையும் எழுதுங்கள். சோதனையில் ஆயிரம் துண்டு இருக்கலாம், பேரிங் மூன்றே மூன்று என்றால் உங்களிடம் இருக்கும் சான்று மூன்றுதான். எந்த வகுப்பு எதோடு குழம்புகிறது என்ற அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள். குண்டுப் பழுதை நல்லது என்று சொல்வதும், உள்வளையத்தை வெளிவளையம் என்று சொல்வதும் ஒரே தவறு இல்லை.

பொய் எச்சரிக்கையைச் சதவீதத்தில் யோசிக்காமல் ஒரு நாளுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். நொடிக்கு ஒரு துண்டு என்றால் நாளுக்கு 86,400. 1 சதவீதப் பிழை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது நாளுக்கு 864 பொய் எச்சரிக்கை. இரண்டாம் நாளே யாராவது அதை அணைத்து வைத்துவிடுவார்கள். தொடர்ந்து ஐந்து துண்டு சொன்னால்தான் எச்சரிக்கை என்று வைப்பது உதவும். ஆனால் அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அதனால் பிழையை ஐந்து முறை பெருக்கிப் பார்த்து வரும் சின்ன எண்ணை நம்பாதீர்கள், நீண்ட பதிவில் ஓட்டி எண்ணிப் பாருங்கள்.

11. நேரலையில் ஓட்டுவதற்கு முன்

பயிற்சியில் ஒரு நிரல், கருவியில் வேறொரு நிரல் என்று இரண்டு இருக்கும்போது, இரண்டும் ஒரே ஃபீச்சரைத் தருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். சேமித்த ஒரு பதிவை இரண்டிலும் ஓட்டி ஃபீச்சர்களைக் கழித்துப் பாருங்கள். 32 பிட், 64 பிட் வித்தியாசத்தால் கடைசி இலக்கங்கள் மாறும், அது பரவாயில்லை. இரண்டாம் மூன்றாம் இலக்கத்திலேயே விலகினால் எங்கோ ஒன்று வேறாக இருக்கிறது. நான் முதலில் தேடும் இடங்கள்: ஹான் விண்டோவின் இரண்டு வடிவங்கள் (நம்பையில் வருவது சமச்சீர் வடிவம், சைபையின் கெட்விண்டோ தருவது சுழல் வடிவம்), ஃபில்டரின் தொடக்க நிலை, அளவு சீராக்கும் எண்கள்.

தண்டின் வேகம் நேரலையில் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மடங்குகளில் அமைத்த ஃபீச்சர் எல்லாம் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கிறது, வேகம் 3 சதவீதம் தப்பாக வந்தால் தேடும் இடைவெளிக்கு வெளியே சிகரம் போய்விடும். சுற்று வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர் இல்லையென்றால் தண்டு வேகத்தின் சிகரத்தைச் சிக்னலிலிருந்தே கண்டுபிடிக்கும் நிரல் வேண்டும், அதைத் தனியாகச் சோதித்துவிட்டு மாடலோடு இணையுங்கள்.

எச்சரிக்கை வந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னும் பின்னும் பத்து நொடி மூலச் சிக்னலை, ஃபில்டர் போடாமல், சாம்பிளிங் வேகத்தோடும் தண்டு வேகத்தோடும் சேமித்து வையுங்கள், அட்டவணையில் அதற்கும் ஒரு வரி சேருங்கள். அடுத்த முறை மாடலைப் பழக்கும்போது வேறு பேரிங்கின் பதிவு உங்களுக்கு அங்கிருந்துதான் கிடைக்கும்.